மார்ச் பன்னிரண்டு, காலை ஷிப்ட்

2023
ஜனவரி 18 - 42
பிப்ரவரி 6 - 34
பிப்ரவரி 27 - 30
மார்ச் 13 - 47
ஏப்ரல் 12 - 30
மே 8 - 15
ஜூன் 15 - 76
மொத்தம் - 274

இந்தப் பட்டியல் அரைமணியின் டைரியில், பின்னட்டைக்கு முந்தின வெற்றுத் தாளில் இருக்கிறது. தலைப்பு கிடையாது. அவருக்குத் தலைப்பு தேவைப்படவில்லை. பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிவதற்கு எண்களே போதுமானதாக இருந்தன. பழைய அலுவலகத்துக்கு ஏழு தடவை அலைந்ததில் பேருந்துக்கும் டீக்கும் நகலுக்கும் உறைக்கும் அஞ்சல்தலைக்குமாகப் போனது அது. காசு போனதைப் பற்றி அவருக்கு ஒன்றுமில்லை. இத்தனை அலைச்சலும் ஒரே ஒரு நாளுக்காக, அதுவும் முப்பத்தாறு வருஷத்துக்கு முந்தின ஒரு நாளுக்காக என்பதுதான் ஆறவில்லை.

அரைமணி என்ற பெயர் வேலையிடத்தில் வந்தது. குடிநீர் ஏற்று நிலையத்தில் முப்பத்து நான்கு வருஷம் பம்ப் ஆபரேட்டராக இருந்தவர். நீண்ட கூடம், நான்கு மோட்டார், சுவரில் வட்டவட்டமாக அளவுமானிகள், ஓர் இரும்பு மேசை, அதன்மேல் லாக் ஷீட். அரைமணிக்கு ஒரு தடவை எழுந்து போய் அழுத்தம், ஆம்பியர், தொட்டி மட்டம் மூன்றையும் பார்த்து அந்தத் தாளில் எழுத வேண்டும். மற்ற ஆபரேட்டர்கள் ஷிப்ட் முடிகிற நேரத்துக்கு உட்கார்ந்து பதினாறு வரியையும் ஒரே மூச்சில் எழுதித் தள்ளுவார்கள். இவர் ஒருவர்தான் அரைமணி தவறாமல் எழுந்து போவார். பேசிக்கொண்டிருந்தால் வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போய், எழுதி முடித்து, திரும்பி வந்து மீதியைச் சொல்வார். அதற்குள் கேட்டுக்கொண்டிருந்தவர் டீ குடிக்கப் போயிருப்பார்.

அந்தப் பழக்கம் வீட்டுக்கும் தொற்றியது. வேலையில் சேர்ந்த இருபத்தாறாம் வயதிலிருந்து டைரி. எழுந்த நேரம், படுத்த நேரம், குழாய்க்கு வாஷர் மாற்றியது, மகளுக்குக் காய்ச்சல் எத்தனை டிகிரி, மழைக்கு ஒழுகிய மூலையில் வைத்த வாளி எத்தனை மணிக்கு நிரம்பியது, எல்லாம் இருக்கும். கோபம், சந்தோஷம், வருத்தம் எதுவும் இருக்காது. அவற்றை எந்த அலகில் எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. நாற்பத்தொரு டைரிகள் அலமாரியின் கீழ்த்தட்டில் முதுகு தெரிய நிற்கின்றன. அவர் மனைவி அந்தத் தட்டைத் தூசி தட்டுவாளே தவிர, ஒன்றையும் திறந்து பார்த்ததில்லை. "அதுல என்ன இருக்கப்போகுது, பால்கணக்கும் பம்ப் கணக்கும்" என்பாள்.

ஜனவரி 18 அன்று அவர் நல்ல மனநிலையில்தான் அலுவலகம் போனார். அலுவலகம் புதுக் கட்டிடத்துக்கு மாறப்போகிறது, ஓய்வுபெற்றவர்கள் தங்கள் பணிப்பதிவேட்டை வந்து பெற்றுக்கொள்ளலாம், பெறாதவை கழிவுத்தாளோடு போகும் என்று தகவல் வந்திருந்தது. தன் முப்பத்து நான்கு வருஷத்தைக் கழிவுத்தாளில் விட அவருக்கு மனம் வருமா? போய் வாங்கினார். வாங்கிய கையோடு எதிர்க்கடையில் ஒரு டீயும் குடித்தார். நாற்பத்திரண்டில் பன்னிரண்டு அந்த டீ.

வீட்டுக்கு வந்து, சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து உரக்கப் படிக்க ஆரம்பித்தார். மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கேட்கிறாளா இல்லையா என்பதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. ஒவ்வொரு பதிவையும் படித்து, ஞாபகத்தோடு ஒப்பிட்டு, 'சரி' போட்டுக்கொண்டே போனார்.

"எண்பத்தஞ்சு, பத்து நாள் விடுப்பு, தங்கச்சி கல்யாணம். சரி. எண்பத்தாறு மே, பதினஞ்சு நாள் விடுப்பு, நம்ம கல்யாணம். சரி. எண்பத்தேழு மார்ச் பன்னிரண்டு, அனுமதியின்றிப் பணிக்கு வரவில்லை, ஒரு நாள். ச..."

சரி பாதியில் நின்றது. மனைவி கத்தியைத் தட்டில் வைத்தாள்.

"என்ன தேதி சொன்னீங்க?"

"பன்னிரண்டு."

"எண்பத்தேழு மார்ச் பன்னிரண்டா?"

அது அவர்கள் மகள் பிறந்த நாள்.

அந்த நாளைப் பற்றி அந்த வீட்டில் முப்பத்தாறு வருஷமாக ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. விடியற்காலையில் வலி கண்டபோது வீட்டில் ஆளில்லை. இவர் முந்தின நாள் இரவு ஷிப்டுக்குப் போனவர். காலை ஆறரைக்குள் வந்திருக்க வேண்டும், வரவில்லை. எதிர்வீட்டுத் தையல்கார அக்காதான் வண்டி பிடித்து மருத்துவமனைக்குக் கூட்டிப் போனாள். படிவத்தில் 'கணவர் கையொப்பம்' என்ற இடத்தில் வேறு வழியில்லாமல் அந்த அக்காவே கையெழுத்துப் போட்டாள். பதினொன்று நாற்பதுக்குக் குழந்தை பிறந்தது. இவர் போய்ச் சேர்ந்தபோது மாலை ஐந்தே முக்கால். சட்டையெல்லாம் கிரீஸ், கையில் ஒன்றுமில்லை. அன்றிலிருந்து சாம்பாருக்கு உப்பு கூடினதில் பேச்சு ஆரம்பித்தாலும் கடைசியில் அந்த ஐந்தே முக்காலில்தான் வந்து முடியும். இவருடைய பதில் எப்போதும் ஒன்றுதான்: காலை ஷிப்டுக்கு வர வேண்டிய மாற்றாள் வரவில்லை, வேலையில் இருந்தேன், விட்டுவிட்டு வந்திருந்தால் பாதி ஊருக்குத் தண்ணீர் நின்றிருக்கும்.

இப்போது அலுவலகமே எழுதி முத்திரை குத்திக் கொடுத்துவிட்டது, அவர் வேலையில் இல்லை என்று.

"அப்போ எங்க போயிருந்தீங்க?" என்றாள் மனைவி.

"எங்க போவேன்? வேலைலதான் இருந்தேன்."

"வரலேன்னு எழுதிருக்கே."

"எவனோ தப்பா எழுதிருக்கான். எழுதிட்டா ஆச்சா?"

"நீங்கதானே சொல்வீங்க. வாய்ல சொல்றதெல்லாம் காத்தோட போயிடும், எழுதினதுதான் நிக்கும்னு."

சொல்வார்தான். ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். பதிவேட்டை மூடினார். வெங்காயத்தின் காரம் அவர் கண்ணில்தான் ஏறியது.

அன்று சாயங்காலம் மனைவி கடைக்குப் போயிருந்த நேரத்தில் அந்த வருஷத்து டைரியை உருவி எடுத்தார். பக்கம் இருந்தது. காலை ஆறிலிருந்து பகல் இரண்டு வரை அரைமணிக்கு ஒரு வரி. அந்தக் கூடத்தில் நின்றுகொண்டிருந்த ஒருவரைத் தவிர வேறு யாரும் எழுதியிருக்க முடியாத பக்கம். அதைக் கொண்டுபோய் மனைவி முன்னால் விரித்திருந்தால் அந்த நிமிஷமே விஷயம் தீர்ந்திருக்கும். ஆனால் இரண்டு மணிக்கு அப்பால் இன்னும் ஒரு வரி இருந்தது.

'2.00. மாற்றாள் வந்தார். 2.15 முதல் 4.50 வரை: நனைந்த லாக் ஷீட்டை வேறு தாளில் படியெடுத்தேன்.'

மூன்றாம் எண் பம்பிலிருந்து கசிந்த தண்ணீர் மேசையில் தெறித்து, தாள் நனைந்திருந்தது. அதைக் காயவைத்துக் கோப்பில் சொருகியிருந்தால் யாரும் ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். இவர் குழந்தை பிறந்த செய்தி பன்னிரண்டு மணிக்கே தெரிந்திருந்தும், மாற்றாள் வந்து உட்கார்ந்த பிறகும், பக்கத்து அறையில் உட்கார்ந்து அழகான கையெழுத்தில் படியெடுத்திருக்கிறார். 'வேலையில் இருந்தேன்' என்று அவர் சொன்னது பொய்யில்லை. அந்த வேலை இன்னது என்று மட்டும் சொன்னதில்லை.

டைரியை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தார். அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தால் போதும்; 'அன்று பணியில் இருந்தார்' என்று ஒரே வரி. மனைவியிடம் டைரியைக் காட்ட வேண்டியதில்லை, வழக்கும் முடிந்துவிடும். அப்படித்தான் கணக்குப் போட்டார்.

பிப்ரவரி 6 அன்று மனுவும் டைரிப் பக்கத்தின் நகலுமாகப் போனார். பிரிவு எழுத்தர் ஒரு பெண், அவர் மகள் வயது இருக்கும். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவைத்துக்கொண்டு மனுவைப் படித்தாள்.

"சார், இதனால பென்ஷன்ல ஏதாச்சும் வித்தியாசம் வருதா?"

"ஒரு காசு வராது. அந்த மாசச் சம்பளத்துலயும் பிடிக்கல. பிடிச்சிருந்தா அப்பவே வந்திருப்பேன். சம்பளம் போட்டவரும் பதிவேடு எழுதினவரும் பேசிக்கல போல."

"அப்புறம் இதைத் திருத்தி உங்களுக்கு என்ன வரப்போகுது?"

"அந்த நாள் வரும்மா."

அவள் அவரை ஒரு தடவை பார்த்தாள். மனுவில் முத்திரை குத்தி, 'பார்க்கிறேன்' என்றாள்.

பிப்ரவரி 27 அன்று அவள் விடுப்பு. ஏப்ரல் 12 அன்று போனபோது மதிய இடைவேளை. இடைவேளை முடிந்ததும் கூட்டம். கூட்டம் முடிந்ததும் நேரம் முடிந்தது. மூன்று மணி நாற்பது நிமிஷம் மரப்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரம் பதினோரு நிமிஷம் மெதுவாக ஓடியது. யாராவது சரிசெய்வார்கள் என்று பார்த்தார், யாரும் நிமிர்ந்தே பார்க்கவில்லை. இந்த மாதிரி ஆட்கள் எழுதினால் பதிவேடு எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

வீட்டில் நிலைமை அதைவிட மோசம். காலையில் செருப்பை மாட்டும்போதே மனைவி ஆரம்பிப்பாள்.

"நிஜமாவே ஆபீசுக்குத்தான் போறீங்களா? இல்ல, எண்பத்தேழுல போன இடத்துக்கா?"

"கிண்டலா?"

"கேக்கக் கூடாதா? சொல்லிட்டுப் போனா நல்லதுதானே."

வாய் சிரிக்கும், கண் சிரிக்காது. அதுதான் அவரை அறுத்தது. இத்தனை வருஷமும் அவள் கோபப்பட்டிருக்கிறாள், குத்திக்காட்டியிருக்கிறாள், ஆனால் அவர் சொன்னதை நம்பாமல் இருந்ததில்லை. இப்போது அந்த நம்பிக்கையில் ஓர் ஓட்டை விழுந்திருந்தது, அதை அடைக்கிற வாஷர் அவரிடம் இல்லை.

இதற்கு நடுவில்தான் மார்ச் 12 வந்தது. வேறு ஊரில் இருக்கும் மகளுக்கு வாழ்த்துச் சொல்ல போன் செய்தார்கள். முப்பத்தாறு முடிந்த மகள் எடுத்த எடுப்பிலேயே கேட்டாள், "என்னப்பா, அன்னிக்கு வேலைலயே இல்லையாமே? அம்மா சொல்றாங்க."

"உங்கம்மாவுக்கு வேற வேலை இல்ல."

"அவங்களுக்கு இல்லாட்டி பரவால்ல. உங்களுக்கு இருந்துச்சா, அதச் சொல்லுங்க."

மகள் விளையாட்டாகத்தான் சொன்னாள். பக்கத்தில் மாப்பிள்ளை சிரிக்கிற சத்தமும் கேட்டது. மறுநாள் நினைவூட்டுக் கடிதம் எழுதி, நகல் எடுத்து, உறை வாங்கி, தபாலில் போட்ட பிறகும் மனம் ஆறாமல் பேருந்தேறி நேரிலும் போய் வந்தார். நாற்பத்தேழு.

மே 8 அன்று எழுத்தர் அவரைப் பார்த்ததும் தானாகவே கூப்பிட்டாள். முகத்தைப் பார்த்ததும் அவருக்கு நம்பிக்கை வந்தது. கோப்பைத் திறந்து நகலை அவர் பக்கம் திருப்பினாள்.

"சார், மனுல எண்பத்தேழுன்னு இருக்கு. இந்தப் பக்கத்துல எண்பத்தாறுன்னு இருக்கு."

"அது அச்சும்மா. நான் எழுதினது எண்பத்தேழு."

"புரியல."

அவர் விளக்கினார். புதுவருஷ டைரிக்கு முழு விலை. போன வருஷ டைரி விற்காமல் தங்கிவிட்டால் தாள்கடைக்காரர் ஜனவரியில் கால் விலைக்குக் கொடுப்பார். "தாள் அதே தாள்தானே. தேதியும் அதே தேதி. கிழமை மட்டும் ஒண்ணு தள்ளிப்போகும், அதை அடிச்சு எழுதிடுவேன். பாருங்க, புதன அடிச்சு வியாழன்னு போட்டிருக்கேன்."

"கிழமைய அடிச்சீங்க, சரி. வருஷத்த அடிக்கலையே."

"அதுக்கு முதல் பக்கத்துலயே குறிப்பு எழுதிருக்கேன். 'இந்த டைரியில் 1986 என்று அச்சிட்டிருக்கும் இடமெல்லாம் 1987 என்று படிக்கவும்'னு. ஒரு தடவை எழுதினா போதும்ல? முன்னூத்து அறுபத்தஞ்சு தடவை எதுக்கு?"

"அந்த முதல் பக்கத்த நகல் எடுத்தீங்களா?"

எடுக்கவில்லை. அவர் வாழ்க்கையில் ஒரு இணைப்பை மறந்தது அதுதான் முதல் தடவை.

"எல்லா வருஷமும் இப்படித்தானா சார்?"

"எல்லா வருஷமும்."

"லீப் வருஷம் வந்தா?"

இவ்வளவு நல்ல கேள்வியை அந்த அலுவலகத்தில் யாரும் கேட்டதில்லை. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பிப்ரவரி இருபத்தொன்பதுக்குத் தனித்தாள் ஒட்டிடுவேன். அதுக்கு அடுத்த வருஷம் டைரில அந்தப் பக்கம் அதிகமா இருக்கும். அதுல 'இந்த நாள் இல்லை'ன்னு எழுதிக் குறுக்கே கோடு."

அவள் பக்கத்து மேசைக்காரரைப் பார்த்தாள். அவர் கோப்பால் வாயை மறைத்துக்கொண்டார்.

"கோவிச்சுக்காதீங்க சார். எனக்கு நீங்க சொல்றது புரியுது. ஆனா அதிகாரி என்ன சொல்வார்னா, ஒரு வருஷத்து டைரில இன்னொரு வருஷத்த எழுதிக் கொண்டு வந்திருக்கார், எங்கயோ கிடந்த பழைய டைரில போன வாரம் உக்காந்து எழுதினதுன்னு சொல்வார்."

"மையப் பாருங்கம்மா, பழுப்பேறிருக்கும்."

"நகல்ல எல்லா மையும் கறுப்புதான் சார்."

சாட்சி வேண்டும் என்றாள். அன்று அவர் வேலையில் இருந்தது தெரிந்த ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் கோப்பை மேலே அனுப்பலாம். பகல் இரண்டு மணிக்கு வந்து மாற்றிவிட்ட ஆபரேட்டரை எல்லாரும் கொட்டாவி என்று கூப்பிடுவார்கள். அவர் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. மேற்பார்வையாளர் அதற்கும் முன்னால்.

"வீட்ல யாராச்சும் இருக்காங்களா சார்? அம்மா இருக்காங்கல்ல?"

இருந்தாள். அதுதான் சங்கடம்.

அவர் பேருந்து நிறுத்தத்தில் நிற்காமல் நடந்தார். நாலரைக் கிலோமீட்டர், ஒரு மணி பத்து நிமிஷம். முப்பத்து நான்கு வருஷம் ஒரு எண் மாற்றி எழுதாதவனைப் பொய்க்கணக்கு எழுதினவன் என்று சொல்லாமல் சொல்லிவிட்டார்கள். ஷிப்ட் முடிவில் பதினாறு வரியையும் கற்பனையில் எழுதினவர்களின் பதிவேடெல்லாம் சுத்தமாக இருக்கும். நினைக்க நினைக்க நடை வேகமானது. வீடு வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"இவளே, ஒரு கையெழுத்து வேணும்."

விஷயத்தைக் கேட்டுவிட்டு மனைவி துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "நான் எப்படிப் போடுவேன்? நீங்க அங்க இருந்தத நான் பாத்தேனா? நான் பாத்தத எழுதணும்னா, இங்க வரலேன்னுதான் எழுதணும்."

"நான் சொல்றேன்ல."

"நீங்க சொல்றீங்க, ஆபீஸ் ஒண்ணு சொல்லுது. பாக்காததுல கையெழுத்து போடக் கூடாதுன்னு கேஸ் சிலிண்டர்காரன்கிட்ட என்னை எத்தனை தடவை சண்டை போட வெச்சீங்க?" ஒரு சட்டையை மடித்து வைத்தாள். "டைரி இருக்குல்ல. குடுங்க. படிச்சுட்டுப் போடறேன்."

இதைத் தவிர்க்கத்தான் அவர் நான்கு மாதமாக ஓடிக்கொண்டிருந்தார். குனிந்து கீழ்த்தட்டிலிருந்து டைரியை எடுத்தார். கொடுக்காமல் இருக்க ஒரு காரணம் தேடினார். எழுதிக் காட்டக்கூடிய காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை. கொடுத்தார்.

அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி விரலை ஓட்டிக்கொண்டு படித்தாள்.

"'6.00. மாற்றாள் வரவில்லை. அழுத்தம் 4.1. 6.30. அழுத்தம் 4.1. முனைக்கடையிலிருந்து போன். வலி கண்டிருக்கிறது, தையல்கார அக்கா அழைத்துப் போகிறார். 7.00. அழுத்தம் 4.2...'" நிமிர்ந்தாள். "வலிக்கு முன்னாடியே அழுத்தமா?"

"அளவுமானிய மொதல்ல பாத்தேன். அப்புறம்தான் போன் அடிச்சுது. நடந்த வரிசை அதுதான்."

"'12.00. அழுத்தம் 4.2. போன். பெண் குழந்தை. 11.40. எடை 2.9. இருவரும் நலம். 12.30. அழுத்தம் 4.1.'" கொஞ்ச நேரம் அந்த வரியிலேயே விரலை வைத்திருந்தாள். "அங்கதான் இருந்திருக்கீங்க. உங்களத் தவிர எவனும் இப்படி எழுத மாட்டான்."

நிம்மதியாக மூச்சுவிட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. விரல் கீழே இறங்கியது. அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றார். படித்து முடித்திருப்பாள் என்று கணக்கிட்ட நேரமும் தாண்டியது.

"ரெண்டரை மணி நேரம்," என்றாள் கடைசியில்.

"ரெண்டு மணி முப்பத்தஞ்சு நிமிஷம்." வாய் தன்னையறியாமல் திருத்திவிட்டது.

"நனைஞ்ச தாள் காயாதா?"

அவர் ஜன்னல் கொக்கியை மாட்டிக் கழற்றினார்.

"நான் அந்தக் கதவையே பாத்துட்டுப் படுத்திருந்தேன். ஒவ்வொருத்தர் வரும்போதும் நீங்கதான்னு. தையல்கார அக்கா பாவம், இப்ப வந்துடுவார் இப்ப வந்துடுவார்னு எனக்குச் சமாதானம் சொல்லுது. தண்ணிய விட்டுட்டு வர முடியாதுன்னு நானும் அதுக்குச் சொன்னேன். உங்களுக்காகப் பேசினேன்." கண்ணாடியைக் கழற்றினாள். "நீங்க வேற எங்கயாச்சும் போயிருந்தாக்கூடத் தேவலன்னு இருக்கு. ஒரு சினிமாவுக்கு. இல்ல, எங்கயாவது சண்டை போடப் போயிருந்தாக்கூட."

"ஏன் அப்படிப் பண்ணினேன்னு எனக்கே தெரியல," என்றார் அவர். அதுவும் உண்மைதான். இருபத்தொன்பது வயசுக்காரன் ஒருவன் வரி கோணாமல் எண்களைப் படியெடுத்துக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. அவன் மனதில் என்ன இருந்தது என்பதற்குக் குறிப்பு எதுவும் இல்லை.

அவள் பக்கத்தைப் புரட்டினாள். அடுத்த நாள் பக்கத்தை அவர் ஜனவரியிலும் பார்க்கவில்லை, அதற்கப்புறமும் பார்க்கவில்லை; தேவைப்பட்ட தேதி பன்னிரண்டு மட்டும்தானே. அவள் உள்ளுக்குள் படித்தாள், மறுபடி படித்தாள், பிறகு உரக்கப் படித்தாள்.

"'மார்ச் 13, வெள்ளி. நேற்றுக் காலை ஷிப்டுக்கு நான் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடவில்லை என்று மேற்பார்வையாளர் சொன்னார். பதிவேட்டில் வந்த நேரம் என்று கட்டம் இருக்கிறது. நேற்று நான் வரவில்லை. முந்தின நாள் இரவு பத்துக்கு வந்தவன் போகவே இல்லை. வராத நேரத்தை எப்படி எழுதுவது என்று கேட்டேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். தாமே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.'"

அவர் திரும்பி வந்து அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அவருடைய கையெழுத்துதான். முழுக்கதையும் அப்போதுதான் விளங்கியது. இரவும் காலையுமாக இரட்டை ஷிப்ட் பார்த்தவருக்கு அன்றிரவு ஓய்வு. ஆனால் காலை ஷிப்டில் கையெழுத்து இல்லை; ஆகவே இரட்டை ஷிப்ட் நடக்கவில்லை; ஆகவே இரவு ஓய்வுக்குக் காரணம் இல்லை; ஆகவே பன்னிரண்டாம் தேதி இரவு வேலைக்கு வரவில்லை. பதிவேடு எழுதினவர் தப்பே செய்யவில்லை. தன் முன்னால் இருந்த தாளை உள்ளபடி படித்திருக்கிறார், இவர் படிப்பது மாதிரியே.

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபத்தோடு ஆரம்பித்த சிரிப்பு, அடக்க அடக்கப் பெரிதாகி, மேசைமேல் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள். "நாலு மாசமா எவனையோ திட்டிட்டிருந்தீங்களே. உங்களுக்கு ஆப்சென்ட் போட்டது நீங்கதான்."

அவர் சிரிக்கவில்லை. கோபம் மட்டும் மிச்சமிருந்தது, யார்மேல் படுவது என்று தெரியவில்லை. இத்தனை நாளும் அதற்கு ஒரு முகம் இருந்தது. இப்போது அது கண்ணாடியில் தெரிகிற முகமாகிவிட்டது.

சாட்சிக் கடிதம் எழுதத் தாள் கேட்டு அவளே எழுதினாள். எழுதி முடித்ததை அவர் வாங்கிப் பார்த்தார். 'என் கணவர் அன்று பகல் 2 மணி வரை பணியில் இருந்தார் என்பதை அறிவேன்.'

"'அன்று பணியில் இருந்தார்'னு போட்டா போதும். நேரமெல்லாம் எதுக்கு?"

"உள்ளத உள்ளபடி எழுதணும்னு யாரு சொன்னது? ரெண்டு மணி வரைக்கும்தான் எனக்குத் தெரியும். அதுக்கு மேல இருந்ததுக்குப் பேர் பணியில்ல."

ஜூன் 15 அன்று சாட்சிக் கடிதம், டைரியின் முதல் பக்க நகல், மார்ச் 13 பக்கத்தின் நகல், தானே எழுதின ஒரு கூடுதல் பத்தி, எல்லாவற்றையும் பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டு, ஒரு பிரதியை நேரிலும் கொண்டுபோய்க் கொடுத்தார். எழுத்தர் கூடுதல் பத்தியைப் படித்ததும் கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கினாள்.

"'கையெழுத்திடாதது என் தவறு'ன்னு ஏன் சார் எழுதறீங்க? இது உங்களுக்கே எதிரா போகும். எடுத்துடவா?"

"வேண்டாம்மா. நடந்தது அதுதான்."

"நல்லாத்தான் நடந்துச்சு," என்றாள் அவள், முத்திரை குத்திக்கொண்டே.

பிறகு ஒன்றும் வரவில்லை. ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் எல்லாம் போயின. வீட்டில் மனைவி அந்தக் கேள்வியைக் கேட்பதை நிறுத்தியிருந்தாள். காலையில் செருப்பு மாட்டும்போது கிண்டல் இல்லை. அதற்குப் பதிலாக, அவர் எதையாவது எழுத உட்கார்ந்தால் கடிகாரத்தைப் பார்ப்பாள். பேச்சு என்றால் திருப்பிப் பேசலாம். பார்வைக்கு என்ன செய்வது? மகளுக்கும் விஷயம் போயிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில், "அப்பா, 4.2ங்கறது நல்ல அழுத்தமா?" என்று கேட்டாள்.

"நல்ல அழுத்தம்மா. மேட்டுத் தெருவுக்கும் தண்ணி ஏறும்."

"அப்ப சரி," என்றாள் மகள். இரண்டு மணிக்கு மேல் நடந்ததை அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவருக்குத் தோன்றியது.

கடிதம் வந்தபோது தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டுவிட்டு, நின்றபடியே பிரித்தார். புதுக் கட்டிடத்துக்குப் போவதற்கு முன் நிலுவைக் கோப்புகளையெல்லாம் முடித்துத் தள்ளியிருக்கிறார்கள் போலும், நான்கே வரி. 'தங்கள் மனு ஏற்கப்பட்டது. இணைக்கப்பட்ட நாட்குறிப்பின்படி, 12.3.1986 அன்று அனுமதியின்றிப் பணிக்கு வரவில்லை என்ற பதிவு இதன்மூலம் நீக்கப்படுகிறது. இப்பொருள் குறித்து இனிக் கடிதப் போக்குவரத்து ஏற்கப்படமாட்டாது.'

எண்பத்தாறு.

அந்த நாளில் அவர் வேலைக்குப் போயிருந்தார். அப்படி ஒரு பதிவே இருந்ததில்லை. இல்லாத பதிவை நீக்கிவிட்டார்கள், இருக்கிற பதிவு இருக்கிற இடத்திலேயே இருக்கிறது. நகலில் அச்சு தெளிவாக இருந்திருக்கும்; முதல் பக்கத்துக் குறிப்பை யார் புரட்டிப் பார்த்தார்கள்?

மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாங்கிப் படித்தாள். "எண்பத்தாறு மார்ச்சுலயா? அப்ப நமக்குக் கல்யாணமே ஆகலையே."

"ஆமா. மே இருபத்தொண்ணு."

"பிள்ளை பொறக்கறதுக்கு ஒரு வருஷம் முந்தியே வந்து ஆஜராயிட்டீங்க. கெட்டிக்காரர்தான்."

அவர் மேசைக்குப் போய் வெள்ளைத்தாளை எடுத்தார். தேதி போட்டார். 'மதிப்பிற்குரிய' என்று எழுதினார். அதற்குமேல் பேனா நகரவில்லை. எழுதினால் யார் படிப்பார்கள்? படித்தால் எந்த வருஷத்தை நீக்குவார்கள்?

"விடுங்க," என்றாள் மனைவி வாசலிலிருந்து. "நீங்க அங்கதான் இருந்தீங்க. எனக்கு நல்லாவே தெரியும். அதுதானே என் வயித்தெரிச்சலே."

அவள் உள்ளே போய்விட்டாள். அவர் வெள்ளைத்தாளை நான்காக மடித்து இழுப்பறையில் போட்டுவிட்டு டைரியைத் திறந்தார். இந்த வருஷமும் போன வருஷத்து டைரிதான். அன்றைய பக்கத்தில் புதன் என்று அச்சிட்டிருந்ததைக் காலையிலேயே அடித்து வியாழன் என்று எழுதியிருந்தார். இப்போது சிவப்புப் பேனாவை எடுத்து, அதற்கு மேலே இருந்த 2022ஐயும் அடித்தார். மிச்சமிருந்த எண்பத்தேழு பக்கங்களிலும் ஒவ்வொன்றாகப் புரட்டி, அடித்து, 2023 என்று எழுதினார். முப்பத்தெட்டு நிமிஷம் பிடித்தது. பிறகு பின்னட்டைக்கு முந்தின தாளுக்குப் போய், மொத்தத்துக்குக் கீழே ஒரு கோடு போட்டார். கோட்டுக்குக் கீழே எழுதினார்:

கடைசிக் கடிதம் வந்தது: 2023 அக்டோபர் 5, வியாழன்.